எடை கூடக் கூட ஆழம் ஏன் குறைகிறது?

வலுதூக்கும் போட்டியில் ஸ்குவாட் மேடையைச் சுற்றி மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நேர் எதிரே, மற்ற இருவர் பக்கவாட்டில். பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு வீரரின் முகமோ ராடில் ஏற்றிய பிளேட்டுகளோ முக்கியமில்லை. இடுப்பு மடிப்பையும் முழங்காலையும்தான் பார்ப்பார்கள். சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பின் விதிப்படி, இடுப்பு மூட்டுப் பக்கம் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் போதாது. மூன்றில் இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் முயற்சி செல்லும். ஆழம் போதவில்லை என்று நினைக்கும் நடுவர் சிவப்பு விளக்கை எரியவிட்டு, காரணத்தைச் சொல்லச் சிவப்பு அட்டையையும் உயர்த்துவார்.

இதே விதியை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் ஜிம் ஒன்றில் மாலை ஆறரை மணிக்கு ஓர் ஓரமாக நின்று பாருங்கள். இருபது வயதுப் பையன் 60 கிலோவில் தொடங்குகிறான். தொடை நன்றாகக் கீழே போகிறது, அலுங்காமல் எழுகிறான். 80-இல் இடுப்பு முழங்காலுக்குச் சமமாக நின்றுவிடுகிறது. 100-இல் பாதி. 120 ஏற்றியதும் முகம் சிவக்கிறது, முழங்கால் ஒரு சாண் மடங்குகிறது, அவ்வளவுதான். பின்னால் நிற்கும் நண்பன் அக்குளுக்கடியில் கைகொடுத்து, “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்கிறான். ராடை ரேக்கில் வைத்துவிட்டுத் திரும்பி, “டெப்த் போச்சா மச்சி?” என்று கேட்கிறான் பையன். “செமயா போச்சுடா!”

இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னால் நிற்பவனுக்கு ஆழம் தெரியாது. கீழே போனவனுக்கோ தான் தரைவரை போய் வந்ததாகவே உடம்பு சொல்கிறது. 60 கிலோவில் தானாகக் கிடைத்த ஆழம் 120-இல் எங்கே போனது? கால் பலம் போதவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எலும்பின் நீளத்திலும், மூச்சிலும், பயத்திலும் இருக்கிறது.

எலும்பிலிருந்து தொடங்குவோம். தோளில் ராடுடன் நிற்கும் ஆளின் உடலும் ராடும் சேர்ந்த மொத்த நிறை மையம், பாதத்தின் நடுப்பகுதிக்கு, அதாவது ஷூவில் கயிறு கட்டும் இடத்துக்கு, நேர் மேலே இருக்க வேண்டும். அது முன்னே போனால் குதிகால் தூக்கும். பின்னே போனால் மல்லாந்து விழ வேண்டியதுதான். எடை ஏற ஏற இந்த மையம் ராடுக்கு அருகே நகர்கிறது. அதனால் கனமான ஸ்குவாட்டில் ராடு இறங்கி ஏறும் பாதை ஏறக்குறைய ஒரு செங்குத்துக் கோடாக இருக்கும். நல்ல வீரர் ஒருவரைப் பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் ராடின் முனையை மட்டும் கவனித்தால் அந்தக் கோடு தெரியும்.

எல்லாருக்கும் பொதுவானது இந்தக் கோடு மட்டும்தான். முழங்கால் எவ்வளவு முன்னே போகும், இடுப்பு எவ்வளவு பின்னே போகும், முதுகு எவ்வளவு சாயும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலின் சொந்த எடையை ஒதுக்கிவிட்டு, ராடு நடுப்பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு போடும் எளிய கணக்கு இது; பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்.

ஒருவருக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை 40 செ.மீ., முழங்காலிலிருந்து இடுப்பு மூட்டு வரை 42 செ.மீ., இடுப்பு மூட்டிலிருந்து தோளில் ராடு கிடக்கும் இடம் வரை 48 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் மூட்டு நடுப்பாதத்துக்கு 5 செ.மீ. பின்னால் இருக்கிறது. கணுக்கால் நன்றாக வளைந்து கீழ்க்கால் 35 டிகிரி முன்னே சாய்கிறது. தொடை தரைக்கு இணையாகும் நொடியில் முழங்கால் நடுப்பாதத்துக்கு 18 செ.மீ. முன்னால் இருக்கும், இடுப்பு மூட்டு 24 செ.மீ. பின்னால் இருக்கும். ராடு நடுப்பாதத்துக்கு மேல் வர, முதுகு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் போதும். படத்தில் போடும் அழகான ஸ்குவாட் இது.

இதே ஆளின் கணுக்கால் இறுகிப்போய் 25 டிகிரிக்கு மேல் வளையவில்லை என்றால்? முழங்கால் 12 செ.மீ.தான் முன்னே வரும். இடுப்பு 30 செ.மீ. பின்னே தள்ளப்படும். முதுகு 39 டிகிரி சாய வேண்டும். இனி, கணுக்கால் இறுக்கத்தோடு தொடை எலும்பும் 5 செ.மீ. நீளமான இன்னொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இடுப்பு 35 செ.மீ. பின்னே போகும், முதுகு 47 டிகிரி சாய்ந்தாக வேண்டும். ராடில் 100 கிலோ இருந்தால், முதலாமவரின் இடுப்பு மூட்டில் ராடு உண்டாக்கும் திருப்புத்திறன் சுமார் 235 நியூட்டன் மீட்டர். நீளத் தொடைக்காரருக்கு அது சுமார் 344. எடை ஒன்றுதான், ஆழமும் ஒன்றுதான். ஆனால் இவருடைய இடுப்பும் கீழ்முதுகும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேலை பார்க்கின்றன.

இந்த நீளத் தொடைக்காரரைப் பார்த்துத்தான் ஜிம் மாஸ்டர், “நெஞ்சை நிமிர்த்துப்பா, ஏன் இப்படிக் குனியறே?” என்று சத்தம் போடுவார். அவர் சொல்வதைக் கேட்டு நிமிர்ந்தால் ராடு பின்னே போகும், ஆள் பின்னால் சாய்வார். விழாமல் இருக்க உடம்பு தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது: இடுப்பு அவ்வளவு பின்னே போவதற்குள் இறங்குவதை நிறுத்திக்கொள்கிறது. மாஸ்டருக்கு நிமிர்ந்த முதுகு கிடைத்துவிட்டது, ஆழம் போய்விட்டது. சாய்வு எல்லாமே தப்பு என்று நினைக்கும் வரை இந்த வகை ஆட்கள் அரை ஸ்குவாட்டைத் தாண்ட மாட்டார்கள்.

எலும்பை நீட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் அதே கணக்கில் மாற்றக்கூடிய எண்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, குதிகால் உயரம். பளுதூக்கும் ஷூவின் அடியில் குதிகால் பக்கம் ஏறக்குறைய 2 செ.மீ. உயரமான கட்டை இருக்கும். அந்த 2 செ.மீ. கணுக்காலுக்கு ஆறு டிகிரி அளவுக்கு வளைவை இனாமாகக் கொடுக்கிறது. நம் நீளத் தொடைக்காரரின் சாய்வு 47-லிருந்து 41 டிகிரிக்குக் குறையும். இரண்டாவது, பாதங்களைத் திருப்பி வைப்பது. பாதத்தை 30 டிகிரி வெளியே திருப்பி, முழங்காலும் அதே திசையில் போகும்படி இறங்கினால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது 47 செ.மீ. தொடை 41 செ.மீ. ஆகிவிடுகிறது. இது ஒன்றிலேயே சாய்வு 39 டிகிரிக்கு வந்துவிடும். 5 செ.மீ. கூடுதல் எலும்பு கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவில் குதிகால் உயரத்தின் பலன் கிடைக்காது. கனத்த எடையில் ஸ்பாஞ்சு ஒரு பக்கம் அமுங்கி ஒரு பக்கம் எழும்பும். சமநிலை ஆட்டம் கண்டுவிடும். நல்ல ஷூ இல்லாதவர் வெறுங்காலில் செய்வதே மேல். குதிகாலுக்கடியில் சின்ன பிளேட்டை வைத்துச் செய்வதையும் பார்க்கிறோம். வார்ம்-அப்புக்குச் சரி. கனத்த எடையில் இரும்பு விளிம்பில் நிற்பது எனக்கு உவப்பில்லை, வழுக்கினால் திருத்திக்கொள்ள நேரமிருக்காது.

உங்கள் கணுக்கால் எப்படி என்று சுவரருகே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இடம் விட்டு, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். தொட முடியவில்லையென்றால் உங்கள் ஆழத்தைத் தடுப்பவற்றில் கணுக்காலும் ஒன்று. தினமும் அதே நிலையில் முழங்காலை முன்னே தள்ளித் தள்ளிப் பழகினால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

இங்கே ஒரு கேள்வி வரும். பேருந்து நிலையத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே போனது? அவருக்கும் இதே கணக்குதான். ஆனால் அவர் கைகளை முழங்காலுக்கு முன்னே நீட்டியிருக்கிறார், முதுகை வளைத்திருக்கிறார், தலை முன்னே இருக்கிறது. பின்னே போன இடுப்பை இவையெல்லாம் சேர்ந்து ஈடுகட்டுகின்றன. முதுகில் ராடு ஏறியதும் கைகள் இரண்டும் பின்னால் கட்டுப்பட்டுவிடுகின்றன, முதுகையும் வளைக்கக் கூடாது. அதனால்தான் வெறும் உடம்போடு தரைவரை குந்தக்கூடியவரும் ராடுக்கடியில் திணறுகிறார். ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னால் அதே ஆள் சுலபமாகக் கீழே போவார், ஏனென்றால் முன்னால் இருக்கும் எடை அந்த ஈட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த கோப்லெட் ஸ்குவாட்டில் ஆழம் போகிறவருக்கு மூட்டில் குறையில்லை. சமநிலைதான் பழக வேண்டும். அதிலும் போக முடியாதவருக்கு வேலை கணுக்காலிலோ இடுப்பிலோ இருக்கிறது.

நம் பஸ்கியையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பஸ்கியில் குதிகால் எழும்பும், முழங்கால் விரல்களைத் தாண்டி வெகுதூரம் போகும், உடம்பு நிமிர்ந்தே இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளிலும் எடையோடு குந்துவது பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: குதிகால்களைச் சேர்த்து, விரல் நுனியில், லேசான எடையோடு. முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியரான ஹென்றி ஸ்டைன்பார்ன் 1921-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பாதம் முழுவதும் தரையில் பதிய, பெருங்கனத்தோடு ஆழமாக இறங்கும் முறையை அங்கே பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போது ரேக் கிடையாது. ராடை ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்தி, அதற்கடியில் குந்தி, தோளில் சாய்த்து ஏற்றிக்கொண்டு எழுவார். இறக்குவதும் அப்படியே. அதாவது முதல் ரெப்பே முழு ஆழத்திலிருந்துதான் தொடங்கியது. அரை ஸ்குவாட் போடுவதற்கு அவருக்கு வழியே இல்லை.

பிறகு வந்தது பயம். 1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், தானே வடிவமைத்த ஒரு கருவியால் பளுதூக்குவோரின் முழங்கால்களை அளந்து, ஆழமான ஸ்குவாட் ஜவ்வுகளைத் தளர்த்துகிறது என்று அறிவித்தார். தொடை தரைக்கு இணையாவதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஆண்டே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை இதைப் பெரிதாக எழுதியது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு அமெரிக்கப் பயிற்சியாளர்களிடையே ஆழமான ஸ்குவாட்டுக்குக் கெட்ட பெயர்தான். பின்னால் வந்த ஆய்வுகளில் கிளைனின் முடிவு நிற்கவில்லை. 1989-இல் சாண்ட்லரும் சக ஆய்வாளர்களும் ஆழமாகவும் பாதியாகவும் ஸ்குவாட் செய்தவர்களை அளந்து, இரண்டுமே முழங்காலின் உறுதியைக் குறைக்கவில்லை என்று கண்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நயிம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினாரே, அந்த எடையை மார்பில் ஏந்தி எழுந்தது குதிகாலோடு பிட்டம் உரசும் ஆழத்திலிருந்துதான்.

ஆராய்ச்சியில் செத்துப்போன பயம் ஜிம்மில் சாகவில்லை. “முட்டி விரலைத் தாண்டக் கூடாது தம்பி” என்ற உபதேசத்தை இன்றும் எந்த ஊரிலும் கேட்கலாம். இதை 2003-இல் ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் என்ற மூவர் நேரடியாகச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற ஏழு பேர், தங்கள் உடல் எடைக்குச் சமமான ராடோடு, ஒருமுறை இயல்பாகவும் இன்னொரு முறை முழங்காலுக்கு முன்னே பலகை வைத்து மறித்தும் ஸ்குவாட் செய்தார்கள். மறித்தபோது முழங்காலின் திருப்புத்திறன் சராசரியாக 150-லிருந்து 117 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இடுப்பில் அது 28-லிருந்து 303-க்கு ஏறியது! முழங்காலில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்க இடுப்பில் பத்து மடங்கு ஏற்றுவதை யாரும் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார்கள். முழங்கால் விரலைத் தாண்டட்டும். குதிகால் தூக்காமலும், முழங்கால் உள்பக்கம் சரியாமலும் இருந்தால் போதும்.

அரை ஸ்குவாட் முழங்காலுக்கு இதமானது என்ற நம்பிக்கையும் இதே வகைதான். முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஏற்படும் அழுத்தம் மூட்டு 90 டிகிரி மடங்கும் இடத்துக்கு அருகில் உச்சமடைகிறது. அதற்கும் கீழே போகும்போது முன்தொடைத் தசைநாண் தொடை எலும்பின்மேல் படிந்து சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கெண்டைக்காலும் பின்தொடையும் ஒன்றோடொன்று அழுந்தி இன்னொரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. அரை ஸ்குவாட்காரர் அந்த உச்சத்தின் அருகில்தான் திரும்புகிறார். அதுவும் முழு ஆழத்தில் தூக்க முடிந்ததைவிட அதிக எடையோடு. சுமையின் அடுத்த பங்காளி முதுகு. 1985-இல் கப்போட்சோவும் குழுவினரும் அளந்தபோது, உடல் எடையின் 0.8 முதல் 1.6 மடங்கு வரையிலான ராடோடு செய்த அரை ஸ்குவாட்டில் கீழ்முதுகு எலும்புகளின்மேல் உடல் எடையைப் போல் 6 முதல் 10 மடங்கு அழுத்தம் விழுந்தது. ஆழத்தைக் குறைத்து எடையைக் கூட்டினால் முதுகுக்குப் போகும் பங்குதான் கூடும்.

தசை வளர்ச்சிக்கும் இது ஆதாயமில்லை. 2019-இல் ஜப்பானில் கூபோவும் குழுவினரும் 17 ஆண்களைப் பத்து வாரம் பயிற்றுவித்தார்கள், ஒரு பாதி முழு ஸ்குவாட், மறுபாதி அரை. முன்தொடைத் தசை இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. உள்தொடைத் தசையும் பிட்டத் தசையும் முழு ஸ்குவாட் குழுவில் ஆறு சதவீதத்துக்கு மேல் வளர்ந்தன. அரை ஸ்குவாட்டில் இரண்டு சொச்சம்தான்.

சரி, 120 கிலோவில் அந்தப் பையன் ஏன் பாதியில் திரும்பினான்? கீழிருந்து எழும்போது தொடை தரைக்கு இணையான நிலையைக் கொஞ்சம் தாண்டியதும் ராடு வேகம் இழந்து தயங்கும். நடுவில் ஒரு நொடி எல்லாம் நின்றுபோனது போலிருக்கும். கனமான ஸ்குவாட்டில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது அங்கேதான். அரை ஸ்குவாட்காரர் அந்த இடத்துக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார். நுழையாத இடத்தில் பலம் வராது. பலம் வராத இடத்துக்கு உடம்பு இறங்கச் சம்மதிக்காது. ஒவ்வொரு வாரமும் ராடில் 5 கிலோ ஏற, ஆழம் இரண்டு விரற்கடை குறைய, நோட்டில் மட்டும் முன்னேற்றம் பதிவாகிறது.

அவனுக்குத் தான் ஏமாறுவது தெரியவும் தெரியாது. மூட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மூளை தசைகளிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் சமிக்ஞைகளை வைத்து ஊகிக்கிறது. தசை கடுமையாக உழைக்கும்போதும் களைத்திருக்கும்போதும் அந்த ஊகம் பிசகுகிறது. கண்ணாடியும் உதவாது. நேர் எதிரே இருக்கும் கண்ணாடியில் இடுப்பின் உயரம் தெரியாது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் ராடு கோணும். செல்போன்தான் நேர்மையான நடுவர். முழங்கால் உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து எடுங்கள். மேலிருந்தோ மூலையிலிருந்தோ எடுத்த வீடியோ ஆழத்தை மாற்றிக் காட்டும்.

இனி மூச்சு. இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ மரியா வல்சால்வா 1704-இல் வெளியிட்ட நூல் காதைப் பற்றியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றை வெளியே தள்ள முயல்வதை அவர் விவரித்தது காதுக்காக. அதே உத்தி இன்று அவர் பெயரில் ராடுக்கடியில் வாழ்கிறது. நின்ற நிலையில் வயிறு நிறைய மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றைச் சுற்றிலும், விலாவின் இரு பக்கமும் முதுகின் பின்பக்கமும் உட்பட, இறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மூடி திறக்காத சோடா பாட்டிலை நசுக்க முடியாததுபோல, உள்ளே அழுத்தம் இருக்கும் வயிறு முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. தோளைத் தூக்கி நெஞ்சுக்குள் இழுக்கும் மூச்சு இதற்கு உதவாது. பலர் பாதி வழியில் மூச்சை விட்டுவிடுகிறார்கள். வயிறு தளர்ந்ததும் முதுகு வளையத் தொடங்குகிறது, உடம்பு அதை உணர்ந்து அங்கேயே இறக்கத்தை நிறுத்துகிறது. ஆழம் குறைவதன் காரணம் காலில் இல்லாமல் வயிற்றில் இருப்பதும் உண்டு.

பெல்ட்டின் வேலையும் இதுவே. அது முதுகைத் தாங்கும் கட்டை அல்ல. வயிறு வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்க ஒரு சுவர், அவ்வளவுதான். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பெல்ட்டை இறுக்கிக் கட்டுபவர் அதைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம்.

மூச்சை அடக்குவதற்கு ஒரு விலை உண்டு. 1985-இல் மெக்டூகலும் குழுவினரும் ஐந்து உடற்கட்டு வீரர்களின் கை நாளத்துக்குள் குழாய் செலுத்தி, கனத்த எடை தூக்கும்போது ரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். இரண்டு காலாலும் செய்யும் லெக் பிரஸ்ஸில் சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. சாதாரணமாக 120/80 இருக்க வேண்டிய இடத்தில்! ஆரோக்கியமான இளம் உடம்பு சில நொடிகளுக்கு இதைத் தாங்கிக்கொள்ளும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர், இதய நோய் உள்ளவர், கண்ணின் விழித்திரையில் கோளாறு உள்ளவர் டாக்டரிடம் கேட்காமல் கனத்த எடைக்கும் மூச்சடக்குதலுக்கும் போகவே கூடாது. மற்றவர்களும் ஒரு ரெப்புக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஐந்து ரெப் போட்டுத் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

ஆழத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது, அது எல்லாருக்கும் ஒன்றல்ல. இடுப்புக் குழியின் ஆழமும், தொடை எலும்பின் கழுத்து திரும்பியிருக்கும் கோணமும் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குக் கால்களை அகட்டி வைத்தால்தான் எலும்பு எலும்போடு இடிக்காமல் இறங்க முடியும். சிலருக்குக் குறுக்கி வைத்தால்தான். எல்லை நெருங்கும்போது இடுப்பெலும்பு கீழ்நோக்கிச் சுருண்டு கீழ்முதுகு உருளத் தொடங்கும். தேர்ந்த வீரர்களிடமும் இது சிறிதளவு இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம். கண்ணுக்குப் பளிச்சென்று முதுகு வளைந்தால் அதற்கு ஓர் அங்குலம் மேலேதான் இன்றைக்கு உங்கள் ஆழம். முதலில் பாதங்களின் அகலத்தையும் திருப்பத்தையும் மாற்றிப் பாருங்கள். வெறும் ராடோடு நான்கைந்து விதமாக நின்று பார்த்தால் ஏதோ ஒன்றில் இடுப்பு தடையில்லாமல் இறங்கும். அதுதான் உங்கள் நிலை. பக்கத்தில் இருப்பவரின் நிலையைக் காப்பியடிக்க வேண்டாம்.

இழந்த ஆழத்தைத் திரும்பப் பெற எடையைக் குறைத்தே ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது. முழு ஆழத்தில் ஐந்து ரெப் சுத்தமாக வரும் எடைக்கு இறங்கிவிட்டு, அங்கிருந்து வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றிக்கொண்டு வருவது மெதுவான வழிபோலத் தோன்றும்; ஆனால் மூன்று மாதத்தில் பழைய எண்ணைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். அதோடு ஒரே ஒரு துணைப் பயிற்சி சொல்லச் சொன்னால், நின்று எழும் ஸ்குவாட்டைச் சொல்வேன். உங்கள் உச்ச எடையில் அறுபது எழுபது சதவீதத்தோடு அடிமட்டம் வரை இறங்கி, இறுக்கத்தை விடாமல் இரண்டு மூன்று நொடி அங்கேயே இருந்துவிட்டு எழுவது. நீங்கள் எப்போதும் தப்பித்து ஓடிவந்த இடத்திலேயே உங்களை உட்காரவைக்கும் பயிற்சி அது. குதித்து எழவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது. முதல் வாரம் அசிங்கமாக இருக்கும்.

எழும்போது இடுப்பு முதலில் மேலே துள்ளி, நெஞ்சு கீழேயே தங்கிவிட்டால் முன்தொடை பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். ராடை முன்தோளில் ஏந்தும் ஃப்ரன்ட் ஸ்குவாட் அதற்கு மருந்து. அதில் சாய்ந்தால் ராடே கையைவிட்டு விழுந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சிலர் கனத்த எடையில் ஆழம் போக மாட்டார்கள். காரணம் பயம். அதுவும் நியாயமான பயம். கீழே போய் எழ முடியாவிட்டால் 120 கிலோ எங்கே போகும்? ரேக்கின் இரு பக்கமும் பாதுகாப்புக் கம்பிகள் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உங்கள் அடிமட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே அவற்றைப் பொருத்தி, லேசான எடையில் வேண்டுமென்றே ஒருமுறை எழாமல் ராடைக் கம்பியில் இறக்கி வைத்துவிட்டு முன்னே நழுவி வெளியே வந்து பாருங்கள். தோற்பது எப்படி என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அதே எடையில் ஆழம் சட்டென்று கூடுவதைப் பல பேரிடம் பார்க்கலாம். பின்னால் ஒருவர் கைகொடுத்து நிற்பது இதற்கு ஈடாகாது. 120 கிலோ சரிந்தால் ஒரு ஆளால் பிடிக்க முடியாது. அவரையும் சேர்த்து இழுக்கும். ஸ்மித் மெஷினும் மாற்று இல்லை, அதில் ராடு தண்டவாளத்தில் ஓடுவதால் நடுப்பாதக் கோட்டைப் பழகும் வேலையே நடக்காது.

நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் ரேக் இருக்கும், பாதுகாப்புக் கம்பி இருக்காது. இருந்தால் எங்கோ மூலையில் துண்டு காயப்போட்டிருப்பார்கள். ஜிம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த புது மெஷினுக்கும் இன்னொரு சுவர்க் கண்ணாடிக்கும் பணம் கட்டும் முன், ரேக்குக்கு ஒரு ஜோடி கம்பி வாங்கிப் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கம்பியை எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்று முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.